மானிட்டர்ல இருந்து கேன்வாஸுக்கு: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை ஆறு கேள்வி எடுத்திருக்கேன், ஆறும் அப்ஸ்ட்ராக்ட் பெயிண்டிங் பத்திதான், அதாவது உருவம் இல்லாம நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் வெச்சு வரையிறது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிதான் நிக்குது. முதல் கடிதம் கொழிஞ்சாம்பாறை பக்கத்துல இருந்து ஒரு வாசகி எழுதினது. அத படிச்சதுல இருந்து ரெண்டு நாள் எனக்கு வேற வேலையே ஓடல, ஏன்னா அது என் கதையும்தான். அதனால அதுக்கு மட்டும் பதில் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

கேள்வி: அக்கா, எனக்கு 39 வயசு, பேர் போட வேண்டாம். காலேஜ்ல பெயிண்டிங் படிச்சேன், கடைசி வருஷம் பூரா அப்ஸ்ட்ராக்ட்தான் பண்ணேன். அப்புறம் கல்யாணம், கடன், கோயமுத்தூர்ல டிசைனர் வேலை. கல்யாண பத்திரிகை, ஜவுளிக்கடை விளம்பரம், மசாலா பாக்கெட்னு 15 வருஷம் போயிருச்சு. பொண்ணு இப்ப பெருசாயிட்டா, ராத்திரி 2 மணி நேரம் கெடைக்குது. கேன்வாஸ் வாங்கி வெச்சு 3 மாசம் ஆச்சு. முன்னாடி போய் நின்னா கை வரமாட்டேங்குது. வந்தாலும் போஸ்டர் மாதிரியே வருது, எல்லாம் நடுவுல வந்து உக்காந்துக்குது, சுத்தி மார்ஜின் விட்டுடறேன். டிசைன் வேலை என் கைய கெடுத்துருச்சாக்கா? திரும்பி வர முடியுமா?

பதில்: கெடுக்கல அம்மிணி. ஆறுதலுக்கு சொல்லல, எனக்கு நடந்தத வெச்சு சொல்றேன்.

நானும் 17 வருஷம் கோயமுத்தூர்லதான் டிசைன் பண்ணேன். பாலக்காடு பக்கத்து சித்தூர்ல இருந்து தினமும் வேலந்தாவளம் வழியா பஸ்ல போய்ட்டு வருவேன். காலேஜ்ல வரைஞ்ச கேன்வாஸ் எல்லாம் அம்மா வீட்டு பரண்ல சுருட்டி கெடந்துச்சு. மறுபடி ஆரம்பிக்கலாம்னு 2 அடிக்கு 3 அடி கேன்வாஸ் ஒண்ண நிறுத்தி வெச்சு முதல் வேலையா என்ன பண்ணேன் தெரியுமா, பென்சில்ல சென்டர் லைன் போட்டேன். யாரும் சொல்லல, கை தானா போட்டுச்சு. அப்புறம் நாலு பக்கமும் ஒன்றரை இஞ்ச் விட்டேன், மேல ஒரு செவப்பு வட்டம், கீழ ரெண்டு சாம்பல் பட்டை, முக்கா மணி நேரத்துல வேலை முடிஞ்சுருச்சு, பாக்க நீட்டா இருந்துச்சு. பக்கத்து வீட்டு பையன் வந்தான், பாத்துட்டு "எந்த ஆஸ்பத்திரிக்கு அத்தை?"ன்னு கேட்டான். அவன் தப்பா ஒண்ணும் கேக்கல. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

டிசைன் பண்ண உக்காரும்போது நமக்கு எல்லாம் முன்னாடியே தெரியும். சைஸ் இவ்வளவு, ஓனர் போட்டோ வரணும், போன் நம்பர் பெருசா வரணும், சாயங்காலத்துக்குள்ள அச்சு பிளேட்டுக்கு போகணும். யாராவது சொல்லுவாங்க, கை செய்யும், செஞ்சுட்டு "ஓகேவா சார்"னு கேக்கும். 15 வருஷம் இப்படியே ஓடுன கைய கொண்டுபோய் வெறும் கேன்வாஸ் முன்னாடி நிறுத்துனா அங்க மேட்டர் குடுக்கவும் ஆள் இல்ல, ஓகே சொல்லவும் ஆள் இல்ல, அது ஆர்டருக்காக காத்துக்கிட்டே நிக்குது. உங்களுக்கு இப்ப நடக்குறது அதுதான்.

எனக்கு வழி தெறந்தது ஒரு பழைய ஃப்ளெக்ஸ்லங்க. நம்ம பக்கம் விழா முடிஞ்சதும் ஃப்ளெக்ஸ கழட்டிட்டு போய் மாட்டு கொட்டாய் மேல போடுவாங்க, வைக்கோல் போர் மூடுவாங்க, பாத்திருப்பீங்க. ஒருநாள் நல்லேப்பிள்ளி பக்கம் நடந்து போறப்ப ஒரு கொட்டாய் மேல ஒண்ணு கெடந்துச்சு, அது நான் பண்ணதுன்னு கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆச்சு. ஒரு நகைக்கடை திறப்பு விழாவுக்கு பண்ணது. வெயில்ல மஞ்சளும் மெஜந்தாவும் போயிருச்சு. அச்சடிக்கிற நாலு இங்க்ல அது ரெண்டும்தான் முதல்ல வெளுக்கும், சயான்ங்கிற நீலமும் கருப்பும் கடைசி வரைக்கும் தாக்குப் பிடிக்கும், ரோட்டோரத்துல பழைய போஸ்டர் எல்லாம் நீலம் பூத்து கெடக்குறது அதனாலதான். பொண்ணோட முகம் இருந்த எடத்துல வெளிறின நீலம் மட்டும் இருந்துச்சு. நெக்லஸ் இருந்த எடத்துல ஒரு வளைவு. மடிச்ச மடிப்புல எல்லாம் இங்க் உரிஞ்சு வெள்ளை கோடு. ஒரு மூலையில கயிறு போட்டு இழுத்து கட்டுனதுல ஷீட் சுருங்கி, அந்த சுருக்கத்துக்குள்ள செம்மண் தூசி எறங்கி, துரு கலர்ல விசிறி மாதிரி விரிஞ்சிருந்துச்சு. அங்கயே நின்னுட்டேன். மாடு புடிச்சு கட்ட வந்த ஒரு அம்மா "ஏனுங்க, என்ன பாக்கறீங்க"ன்னு கேட்டாங்க, எனக்கு சொல்லத் தெரியல. நான் அத பண்ணப்ப அந்த வளைவுக்கு நகைய காட்டுற வேலை, செவப்புக்கு ரோட்டுல போறவன நிறுத்துற வேலை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை இருந்துச்சு. இப்ப ஒரு வேலையும் இல்லாம நீலமும் மடிப்பும் துருவும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு, அவ்வளவு நல்லா இருந்துச்சு.

அப்ஸ்ட்ராக்ட் ஓவியத்தோட முன்னோடி, ரஷ்யாக்காரர் கண்டின்ஸ்கி இப்படி ஒரு அனுபவத்த தன்னோட நினைவுக் குறிப்புல எழுதியிருக்காரு. சட்டம் படிச்ச மனுஷன், 30 வயசு கிட்ட 1896ல அத விட்டுட்டு ஓவியம் படிக்க மியூனிக் போனவரு. ஒருநாள் இருட்டுற நேரத்துல தன் ஸ்டூடியோவுக்குள்ள வர்றாரு, சுவர்ல ஒரு படம் சாஞ்சு இருக்கு, என்ன படம்னு தெரியல, நிறமும் வடிவமும் மட்டும் தெரியுது, அப்படியே மயங்கி நிக்கிறாரு. கிட்ட போய் பாத்தா அவரோட படமேதான், பக்கவாட்டுல திருப்பி வெச்சிருந்துருக்கு. மறுநாள் வெளிச்சத்துல பாத்தா அந்த மயக்கம் வரல, படத்துல என்னென்ன பொருள் இருக்குன்னு கண்ணு கண்டுபிடிச்சுருச்சு. இது படிச்சதுதான், ஆனா அந்த கொட்டாய் முன்னாடி நின்ன அன்னைக்குதான் எனக்கு உள்ள எறங்குச்சு.

சரி, நீங்க என்ன பண்ணனும்னு கேட்டா, அந்த பெரிய கேன்வாஸ சுவரப் பாக்க திருப்பி வெச்சுருங்க, கொஞ்ச மாசத்துக்கு தொடவே வேண்டாம். பிரஸ்ல கட்டிங் வேஸ்ட் கெடக்கும்ல, டுப்ளெக்ஸ் போர்டுங்கிற அட்டை துண்டுங்க ஒரு கட்டு கேட்டு வாங்கிட்டு வாங்க. பளபளப்பு பக்கம் வேண்டாம், பின்னாடி சாம்பல் பக்கம் ஒரு கை ப்ரைமர், அதான் அடிப்பூச்சு, அடிச்சா போதும். 6 இஞ்சுக்கு 6 இஞ்ச் வெட்டிக்கோங்க. நான் தினமும் மூணு துண்டு பண்ணேன். எனக்கு நானே வெச்சுக்கிட்ட கட்டுப்பாடு, நடுவுல ஆரம்பிக்கக் கூடாது, ஓரத்துல இருந்துதான் உள்ள வரணும், அப்பதான் அந்த மார்ஜின் பழக்கம் ஒடையும். பிரஷ் சுவருக்கு அடிக்கிற 2 இஞ்ச் பிரஷ்தான், அது 6 இஞ்ச் அட்டையில எறங்குனா நீட்டா பண்ணனும்னு நெனச்சாலும் பண்ண முடியாது. முடிஞ்சதும் தலைகீழா திருப்பி ஒரு நாள் வெச்சு பாக்கணும். போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பக் கூடாது. இந்த கடைசிதான் இருக்கறதுலயே கஷ்டம், ஏன்னா அனுப்புன உடனே நாம மறுபடி ஓகே கேக்குற எடத்துக்கு போயிடறோம்.

முதல் 40 துண்டுல ஒண்ணு கூட தேறல. அதுக்கப்புறம் ஒரு ராத்திரி, அடியில பிரஷ்யன் புளூ காஞ்சிருந்துச்சு, அது மேல காவி மஞ்சள கெட்டியா அடிச்சுட்டு, மேஜையில கெடந்த பழைய விசிட்டிங் கார்டு ஓரத்த வெச்சு ஒரே இழுப்பு இழுத்தேன். கார்டு சரியா நடுவுல வளைஞ்சு, அந்த எடத்துல மட்டும் மஞ்சள் மெல்லிசா படிஞ்சு கீழ நீலம் தெரிஞ்சு, ரெண்டும் சேந்து ஒரு பச்சை வந்துச்சு. நான் கலக்காத பச்சை. இழுப்பு நின்ன எடத்துல பெயிண்ட் மேடு கட்டி நின்னுச்சு. அந்த அட்டை இப்பவும் என் ஜன்னல்லதான் இருக்கு.

கலர் பத்தியும் ஒண்ணு சொல்லணும். ஸ்கிரீன்ல நாம கலர தேர்ந்தெடுக்குறோம், கலக்குறது இல்ல. 15 வருஷத்துல கலக்குற புத்தி மங்கிரும். ஸ்கிரீன் தானே வெளிச்சம் விடுது, பெயிண்ட் தன் மேல விழுற வெளிச்சத்துல கொஞ்சத்த முழுங்கிட்டு மிச்சத்த திருப்பி தருது, அதனால கலக்க கலக்க மங்கத்தான் செய்யும். அல்ட்ராமரைன் நீலத்துல லேசா செவப்பு ஒளிஞ்சிருக்கு, அதோட முட்டைக்கரு மாதிரி மஞ்சள சேத்தா பாசி புடிச்ச பச்சைதான் வரும். நடவு முடிஞ்சு ஒரு மாசம் ஆன வயல் பச்சை வேணும்னா லெமன் எல்லோவும் பிரஷ்யன் புளூவும் சேரணும். நான் ரெண்டு வாரம் பச்சை மட்டும் கலந்து கலந்து அட்டையில பூசி வெச்சேன், வேற ஒண்ணும் பண்ணல. அந்த ரெண்டு வாரம் வீணுன்னு ஒரு நாளும் தோணல.

டிசைன் வேலை உங்களுக்கு குடுத்தத தூக்கி போட்டுறாதீங்க அம்மிணி. ரெண்டு எழுத்துக்கு நடுவுல கால் மில்லிமீட்டர் கூடுனா உங்க கண்ணு கண்டுபிடிக்கும். இடைவெளிய பாக்குற அந்த கண்ணு காலேஜ்ல படிச்சப்ப உங்களுக்கு இருந்திருக்காது. எழுத்தையும் ஒதுக்க வேண்டாம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1911ல நம்ம கோயமுத்தூர்ல பொறந்தவரு, தந்தி இலாகாவுல வேலை பாத்துட்டு 1936ல மெட்ராஸ் ஓவியப் பள்ளியில போய் சேந்தவரு. 1963ல, 52 வயசுல, 'சொற்களும் குறியீடுகளும்'னு ஒரு வரிசை ஆரம்பிக்கிறாரு. மலையாள எழுத்து மாதிரி வரி வரியா ஓடும், ஜாதகக் கட்டம் இருக்கும், கணக்கு குறி இருக்கும், படிச்சா ஒரு வார்த்தை கூட வராது. எழுத்து வெறும் உருவமா அங்க நிக்கும். நீங்க பத்திரிகைக்கு போடுற 'ழ' இருக்குல்ல, அதுக்குள்ள இருக்குற வெறும் எடத்த மட்டும் ஒரு ராத்திரி வரைஞ்சு பாருங்க.

கேள்வி: அக்கா, நான் ஆரியங்காவுல இருக்கேன். டேப்லெட்ல அப்ஸ்ட்ராக்ட் பண்றேன், நல்லாவும் வருது. அத பெயிண்டிங்னு சொல்லக் கூடாதுன்னு ஃப்ரெண்ட் சண்டைக்கு வர்றான். யார் சொல்றது சரி?

பதில்: பேர்ல என்ன இருக்கு தம்பி, பண்றத விடாம பண்ணுங்க. ஆனா ஒரு வித்தியாசத்த மட்டும் அனுபவிச்சு பாக்கணும்னு ஆசைப்படறேன். டேப்லெட்ல தப்பு பண்ணா கண்ட்ரோல் இசட், அதான் அண்டூ, அந்த தப்பு நடக்கவே இல்லன்னு ஆயிரும். பெயிண்ட்ல அது அடியில இருக்கும், மேல எத்தனை பூச்சு பூசினாலும் எங்கயாவது ஒரு எடத்துல எட்டிப் பாக்கும், படத்தோட ஆழமே அங்க இருந்துதான் வருது. கெய்தோண்டேன்னு ஒரு பெரிய ஓவியர், 1924ல நாக்பூர்ல பொறந்தவரு. ரோலர்ல பெயிண்ட ஏத்துவாரு, கத்தியில வழிப்பாரு, நியூஸ்பேப்பர் துண்ட வெச்சு அமுக்கி எடுப்பாரு, எடுத்தது போக மிச்சம் இருக்குறதுதான் படம். வருஷத்துக்கு விரல் விட்டு எண்ணுற அளவுதான் வரைஞ்சாரு. ஒரு மாசம் மட்டும் அண்டூவ தொடாம டேப்லெட்லயே பண்ணிப் பாருங்க. அப்புறம் ரெண்டு ட்யூப் கலர் வாங்கணும்னு உங்களுக்கே தோணும்.

கேள்வி: நகரியில பவர்லூம் சேலைக்கு டிசைன் போட்டு தர்றேன், 20 வருஷம் ஆச்சு. சின்ன வயசுல பெயிண்டிங் பண்ணுவேன், இப்ப மறுபடி கலர் கலரா சும்மா வரையணும் போல இருக்கு. டிசைன் போடுறவன் ஆர்ட்டிஸ்ட் ஆக முடியாதுன்னு எங்க ஆளுங்களே சொல்றாங்க. உண்மையா?

பதில்: அவங்க சொல்றது கொஞ்சமும் சரியில்லண்ணா. சொல்லப்போனா தறி டிசைன்ல இருந்து வந்த ஓவியர்கள் நம்ம பக்கம் நெறைய. ஆதிமூலம், 1938ல திருச்சி மாவட்டத்துல பொறந்தவரு, நெசவாளர் சேவை மையத்துல டிசைனரா வேலை பாத்தவரு. தமிழ் பத்திரிகைகளுக்கு கோட்டோவியம் போட்டாரு, புத்தக அட்டை பண்ணாரு, தலைப்பு எழுத்து எழுதினாரு, அதாவது இன்னைக்கு கிராபிக் டிசைன்னு சொல்ற வேலை அத்தனையும். காந்திய அவ்வளவு கோட்டுல வரைஞ்ச அதே கைதான் பிற்பாடு பெரிய பெரிய கேன்வாஸ்ல வெறும் நிறத்த மட்டும் பரப்பி அரூப ஓவியம் பண்ணுச்சு. ஆந்திராவுல பொறந்த ரெட்டப்ப நாயுடுவும் அதே மாதிரி நெசவாளர் சேவை மையத்துல இருந்தவருதான்.

நீங்க கிராஃப் பேப்பர்ல ஒரு கட்டத்துக்கு ஒரு இழைன்னு கணக்கு வெச்சு நிறம் நிரப்புறீங்க. பாவுல (நீள இழையில) ஒரு கலர், ஊடையில (குறுக்கு இழையில) ஒரு கலர், நெய்து வந்தா துணிய அசைக்கும்போது மூணாவது கலர் அடிக்கும்னு முன்னாடியே உங்களுக்கு தெரியும். பல பெயிண்டருக்கு இத புரியவைக்க வருஷக்கணக்கா ஆகும். அந்த கிராஃப் பேப்பர்ல இருந்தே ஆரம்பிங்க. கட்டம் கட்டமா நிரப்பிட்டு, ஒரு எடத்துல மட்டும் கட்டத்த மீறி விடுங்க, அப்புறம் என்ன நடக்குதுன்னு பாருங்க.

கேள்வி: மீனாட்சிபுரம் செக்போஸ்ட் பக்கம் வீடு. எத்தனை கலர் வாங்கணும்? ஆயில் நல்லதா, அக்ரிலிக் நல்லதா? எனக்கு அக்ரிலிக் தட்டுலயே காஞ்சு போகுது.

பதில்: காயாம என்ன பண்ணும், நம்ம இருக்கறது பாலக்காட்டு கணவாய் வாசல்ல. மலை விட்டுக்குடுத்த 30 கிலோமீட்டர் சொச்சம் சந்துக்குள்ள காத்து பூரா நம்ம வீட்டு வழியாதான் போகுது. ஃபேன நிறுத்துங்க, காத்து வர்ற பக்கத்து ஜன்னல சாத்துங்க. ஒரு எவர்சில்வர் தட்டுல ஈரத்துணிய மடிச்சு போட்டு, அது மேல பட்டர் பேப்பர் விரிச்சு, பேப்பர் மேல கலர வைங்க, ராத்திரி மூடி வெச்சா காலையிலயும் ஈரமா இருக்கும். ஸ்பிரே பாட்டில்ல தண்ணி வெச்சுக்கோங்க. அக்ரிலிக் காஞ்சா ஒரு படி கருக்கும், அதையும் மனசுல வெச்சு கொஞ்சம் வெளிர கலக்கணும்.

ஆயில் அருமையான விஷயம், ஆனா காய நாள் கணக்கு, தட்டுனா தடவுனா போச்சு, சின்ன வீட்ல டர்பன்டைன் வாடை வேற. ராத்திரி ரெண்டு மணி நேரம்தான்னா அக்ரிலிக்லயே நில்லுங்க. ட்யூப் எட்டு போதும்: லெமன் எல்லோ, காட்மியம் எல்லோ, வெர்மிலியன், கிரிம்சன், அல்ட்ராமரைன், பிரஷ்யன் புளூ, பர்ன்ட் அம்பர், டைட்டானியம் ஒயிட். ஒயிட் மட்டும் பெருசா வாங்குங்க. கருப்பு வாங்க வேண்டாம், அல்ட்ராமரைன்ல பர்ன்ட் அம்பர் சேத்தா கருப்பு வரும், அது ட்யூப் கருப்ப விட உயிரோட இருக்கும். ஸ்டூடண்ட் குவாலிட்டியே ஆரம்பத்துக்கு போதும். ஆடி மாசத்துல மட்டும் படத்த சுவரோட ஒட்டி வைக்காதீங்க, பூஞ்சை புடிக்கும்.

கேள்வி: வாளையார்ல இருந்து எழுதறேன், 45 வயசு, ஏஜென்சியில சீனியர் டிசைனர். வேலைய விட்டா முழுசா வரையலாம்னு தோணுது. விட்டுடலாமா?

பதில்: வேண்டாங்க. வேலைய விட்டவங்க எல்லாரும் வரைஞ்சுடல, சம்பளத்துக்கு பயந்துகிட்டே வரையிறதுல கை இன்னும் இறுகிப் போகும், நானே பாத்திருக்கேன்.

ஓவியர் அச்சுதன் கூடல்லூர் பத்தி தெரிஞ்சுக்கோங்க. 1945ல பாரதப்புழை கரையில கூடல்லூர்ல பொறந்தவரு, நம்ம பாலக்காடு மாவட்டம்தான். என்ஜினியரிங் படிச்சுட்டு சென்னைக்கு போய் தமிழ்நாடு பொதுப்பணித்துறையில வேலை பாத்தவரு. ஓவியக் கல்லூரியில முறையா சேந்து படிக்கல. ஆபீஸ் முடிச்சு சாயங்காலம் மெட்ராஸ் ஆர்ட் கிளப்புக்கு போய் வரைஞ்சு வரைஞ்சு, முதல்ல உருவம், அப்புறம் உருவம் கரைஞ்சு வெறும் நிறம்னு போயி, 1988ல மத்திய அரசோட கலை அமைப்பான லலித் கலா அகாடமியோட தேசிய விருது வாங்கினாரு. 2022ல காலமாயிட்டாரு. அவரோட செவப்ப ஒருதடவை நேர்ல பாத்தவங்க மறக்க மாட்டாங்க, நான் மறக்கல. பகல் பூரா ஆபீஸ் பாத்த மனுஷன் கைதான் அத கண்டுபிடிச்சுது.

பணிக்கர் 1966ல சென்னைக்கு வெளிய ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமத்த ஆரம்பிச்சப்ப அங்க இருந்தவங்க எப்படி சாப்பிட்டாங்க? பாத்திக் துணி, அதாவது மெழுகு வெச்சு சாயம் போடுற துணி, பண்ணி வித்தாங்க, நிலம் வாங்கினதே அந்த கைவினைக் காசுலதான். வயித்துக்கு ஒரு வேலை, படத்துக்கு ஒரு வேலைன்னு பிரிச்சு வெச்சதால படம் யாருக்கும் வளையாம நின்னுச்சு. உங்க சம்பளமும் அந்த பாத்திக் மாதிரிதாங்க. சாயங்காலத்த மட்டும் காப்பாத்துங்க, ஏழு மணிக்கு மேல கிளையண்ட் போன எடுக்கறது இல்லன்னு ஒரு முடிவு பண்ணுங்க. நான் அப்படி பண்ணப்ப ஒரு பெரிய கிளையண்ட் போயிட்டாங்க, ரெண்டு மாசம் கஷ்டமாத்தான் இருந்துச்சு, அப்புறம் சமாளிச்சுட்டோம்.

கேள்வி: சித்தூர் தத்தமங்கலத்துல இருந்து. நான் வரைஞ்சத பாத்து அத்தை "இது என்ன படம் கண்ணு?"ன்னு கேக்குறாங்க. என்ன பதில் சொல்றதுன்னே தெரியல. அப்ஸ்ட்ராக்ட் நேர்ல பாக்க எங்க போகலாம்னும் சொல்லுங்க.

பதில்: அத்தைய குத்தம் சொல்லாதீங்க, அவங்க ஆசையாத்தான் கேக்குறாங்க. நம்ம பக்கத்து கோயில்ல களமெழுத்து பாத்திருப்பாங்கல்ல, அரிசி மாவு, உமிக்கரி, மஞ்சள், மஞ்சள்ல சுண்ணாம்பு சேத்த செவப்பு, இலைப்பொடி பச்சைன்னு அஞ்சே பொடியில வரைவாங்க, கடைசியில அத்தனையும் அழிச்சுருவாங்க. அழிக்கிற நேரத்துல பாத்தீங்கன்னா உருவம் போயி அஞ்சு நிறமும் தரையில கலந்து கெடக்கும். அப்பவும் யாரும் கண்ண எடுக்கறதில்ல. பாலக்காடு மணி ஐயரோட மிருதங்க தனி ஆவர்த்தனத்த கேட்டுட்டு என்ன அர்த்தம்னு யாரும் கேக்கல, தலைய ஆட்டுனாங்க. இதையெல்லாம் அத்தைகிட்ட பாடமா எடுக்க வேண்டாம். "இதுல எந்த எடம் உங்களுக்கு பிடிச்சிருக்கு அத்தை"ன்னு கேளுங்க, போதும். சேலைக்கு பார்டர் பாத்து பாத்து எடுத்த கண்ணு அது. எங்க அம்மா என் படத்துல ஒரு மூலைய காட்டி "இங்க மட்டும் மழை வர்ற மாதிரி இருக்கு, மேல இருக்கற மஞ்சள் அத விரட்டுது"ன்னு சொன்னாங்க. நான் அந்த மஞ்சள அன்னைக்கே கொறச்சேன், படம் சரியாயிருச்சு.

பாக்கறதுக்கு, திருவனந்தபுரம் போனா நேப்பியர் மியூசியம் வளாகத்துலயே பணிக்கர் பேர்ல தனி கேலரி இருக்கு. சென்னை போனா சோழமண்டலம், அங்க மெட்ராஸ் ஓவிய இயக்கத்துக்குன்னே மியூசியம் வெச்சிருக்காங்க. ஒரு நாள்ல எல்லாத்தையும் பாக்க ஓடாதீங்க, ரெண்டு படம் பாருங்க, ஒண்ணுக்கு அரை மணி நேரம். முதல்ல தூரத்துல இருந்து, அப்புறம் கிட்ட. கிட்ட போனதும் ஃபிரேம் மறைக்காத படமா இருந்தா கேன்வாஸோட பக்கவாட்டு ஓரத்த குனிஞ்சு பாருங்க, முன்பக்கத்துல மூடிப்போன முதல் பூச்சு எல்லாம் அங்க வழிஞ்சு காஞ்சு நிக்கும், எந்த கலர்ல ஆரம்பிச்சாங்கன்னு அங்கதான் தெரியும்.